செவப்பா ஒருத்தன்

அத்தியாயம் 19

காலை ஆறு மணிக்கே மைசூர் வித்யாரண்யபுரத்து வீட்டில் பாடம் ஒப்பிக்கிற சத்தம். பரீட்சை எழுதப் போகிற பிள்ளை யாரும் அந்த வீட்டில் கிடையாது. ஒப்பித்தவள் ஐம்பத்து மூன்று வயதுப் பாக்கியலட்சுமி. கேள்வி கேட்டவர் அவள் புருஷன் ஆறுமுகசாமி.

"எத்தன மணி?"

"அஞ்சே முக்கால்."

"எங்க நின்னுட்டிருந்தீங்க?"

"ரிங் ரோடு பஸ் ஸ்டாப்புல. நானும் என் தம்பியும். கம்பெனி பஸ்ஸுக்கு."

"வந்தவன் என்ன போட்டிருந்தான்?"

"செவப்புச் சட்டை."

"கையில?"

"இரும்புக் கொழாய்."

"யாரு அவன்?"

"மனோஜ்குமார்."

ஆறுமுகசாமி தலையை ஆட்டினார். அவர் கட்டட மேஸ்திரி. ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றதும் ஆட்டுவாரே, அதே ஆட்டல்தான்.

"இதுல ஒரு எழுத்து மாறக் கூடாது பாக்கியம். அவன் வக்கீல் அப்படி இப்படி இழுப்பான். நீ அசையக் கூடாது."

"அசைய மாட்டேங்க" என்றாள் பாக்கியலட்சுமி.

சம்மன் வந்த அன்றே அவள் நஞ்சன்கூட்டுக்கு ஓடி, கோவிலில் நின்று தேம்பியதைப் போன வாரம் பார்த்தோம். அந்தச் சாமி பெயரைத்தான் அவள் தம்பிக்கு வைத்திருந்தார்கள். நஞ்சுண்டசாமி. நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் லோடு ஏற்றுகிற ஆட்களுக்கு அவன் சூப்பர்வைசர். அதே தொழிற்சாலையின் கேன்டீனில் அவளுக்குச் சமையல் வேலை. பதினான்கு மாதத்துக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், பைக்கில் வந்த ஒருவன் அவள் கண் முன்னாலேயே தம்பியின் பின்மண்டையில் இரும்புக் குழாயால் அடித்துவிட்டுப் போனான். நான்காம் நாள், ஒரு வார்த்தை பேசாமலே தம்பி போய்விட்டான்.

பிடிபட்டவன் மனோஜ்குமார். லோடு ஆட்களில் ஒருவன். அடிபடுவதற்கு இரண்டு நாள் முன்னால் நஞ்சுண்டசாமிக்கும் அவனுக்கும் கேட்டருகே வாய்ச்சண்டை. லோடு ஆட்களுக்குக் கம்பெனி கொடுத்திருந்த உடுப்பு, சிவப்புச் சட்டை. இவ்வளவு பொருந்தி வந்த பிறகு போலீஸுக்கு வேறு என்ன வேண்டும்? பார்த்த சாட்சி என்று இருந்தது பாக்கியலட்சுமி ஒருத்திதான். அவள் ஜெயிலுக்குப் போய், வரிசையில் நின்ற எட்டுப் பேரில் மனோஜ்குமாரைக் கை காட்டிவிட்டு வந்தாள்.

இன்றைக்கு அதையே கோர்ட்டில் சொல்ல வேண்டும். அவள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் மனோஜ்குமாரின் ஆயுசு தொங்கிக்கொண்டிருந்தது.

விசித்திரம் என்னவென்றால், நாள் போகப் போக எல்லோருக்கும் மறக்கும். இவளுக்கு நாள் போகப் போகத் தெளிந்தது. ஆரம்பத்தில் அந்த விடியற்காலை கலங்கிய குட்டையாகத்தான் இருந்தது. ஸ்டேஷனில் சொன்னாள், மாஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னாள், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், தினமும் புருஷனிடம் ஒப்பித்தாள். சொல்லச் சொல்ல அது புளி போட்டுத் தேய்த்த சொம்பு மாதிரி பளிச்சிட்டது. அடித்துவிட்டுப் பைக்குக்கு ஓடும்போது அவன் முகத்தில் கட்டியிருந்த கர்சீப் நழுவியது. சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. இந்தப் பொத்தான் எந்த மாதத்தில் வந்து சேர்ந்தது என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று தட்டை நீட்டினாள் ரூபா. நஞ்சுண்டசாமியின் மனைவி. முப்பத்தோரு வயது. கல்யாணத்தன்று ஊரே வாய் ஓயாமல் புகழ்ந்த நிறம், இந்தப் பதினான்கு மாதத்தில் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நீயும் வாரியா கண்ணு? கஷ்டமா இருக்கும். வேண்டாம்னா வீட்டுலயே இரு."

"வர்றேன் அண்ணி. அவரு சாவுக்கு நீதி கிடைக்கிறப்ப நான் இருக்கோணும். எங்க அண்ணனையும் வரச் சொல்லி நாலு தடவ போன் பண்ணேன். எடுக்கவே மாட்டேங்கறான்."

ரூபாவின் அண்ணன் சென்னிமலையை ஆறுமுகசாமிக்குக் கல்யாணத்திலிருந்தே பிடிக்காது. பந்தியில் இடது கையால் அப்பளம் பரிமாறி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். "என்ன செய்யறது மாமா, எனக்கு எல்லாத்துக்கும் எடதுதான் வருது" என்று அப்போதும் சிரித்தான். நஞ்சுண்டசாமியின் சாவுக்கு வந்தவன், பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நிற்காமல் பாலாற்று எல்லை தாண்டித் தமிழ்நாட்டு ஊருக்குப் போய்விட்டான். அதன் பிறகு மைசூர்ப் பக்கம் தலை காட்டவில்லை.

"வராதவனப் பத்தி இப்ப என்ன பேச்சு?" என்று ஆறுமுகசாமி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

---

கோர்ட்டு வளாகத்தில் பத்து மணிக்கே கூட்டம். அரசுத் தரப்பு வக்கீல் ஸ்ரீகண்டன் வராந்தாவிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த மனிதர். மைசூரில் மூன்று தலைமுறை. வீட்டில் மட்டும் தமிழ்.

"பதட்டப்படாம சொல்லுங்கோம்மா. கன்னடத்துலயே சொல்லிடுங்கோ. ஜட்ஜம்மாவுக்குச் சௌகரியம், டைப் பண்றவாளுக்கும் சௌகரியம். உங்களுக்குத்தான் நன்னா வருமே."

"வருமுங்க."

"சிவப்புச் சட்டை, கர்சீப் நழுவித்து, முகம் பாத்தேன். இந்த மூணுதான் முக்கியம். உங்க கேஸ் பதினொன்றரைக்கு மேல கூப்பிடுவா."

அவர் போன பிறகுதான் பாக்கியலட்சுமி எதிர்ப் பெஞ்சைப் பார்த்தாள். மனோஜ்குமாரின் மனைவி காவேரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெண் குழந்தை. அப்பன் உள்ளே போனபோது கைக்குழந்தை, இப்போது பிஸ்கட் கேட்டு அடம் பிடிக்கிறது. பாக்கியலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொலைகாரன் பெண்டாட்டியைப் பார்த்து இரக்கப்பட்டால் தம்பிக்குத் துரோகம் என்று அவள் நினைத்தாள்.

பதினொன்றே கால் இருக்கும். கேட்டிலிருந்து ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். மகள் சக்தி. ஸ்கேன் சென்டர் ஒன்றில் கவுன்டரில் இருக்கிறாள். காலை ஷிப்டை முடித்துவிட்டு நேரே வருவதாகச் சொல்லியிருந்தாள். வந்தவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அம்மா, ஸ்வல்ப இந்தப் பக்கம் வா."

"என்னடி? இப்பக் கூப்பிட்டுருவாங்க."

"வாம்மா. ஒந்து நிமிஷம்."

வளாகத்து மூலையில் ஒரு மழைமரம். அதன் அடியில் நின்றார்கள்.

"போன் மெமரி ஃபுல்லுன்னு பஸ்ஸுல எல்லாத்தையும் அழிச்சிட்டு வந்தேன்ம்மா. அப்ப இது கண்ணுல பட்டுச்சு. அன்னைக்கு நீ ரெண்டு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கே. மொதலாவதக் கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். ரெண்டாவதக் கேக்கவே இல்ல. இன்னைக்குத்தான் கேட்டேன்."

பாக்கியலட்சுமிக்கு அப்படி ஒன்று அனுப்பியதாக நினைவே இல்லை. சக்தி போனை அவள் காதில் வைத்தாள்.

முதலில் ஆம்புலன்ஸ் ஊளை. அப்புறம் ஒரு பெண் குரல், மூச்சு வாங்க. தன் குரல்தான் என்று புரிய அவளுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"சத்தி... மாமன அடிச்சுட்டான் சத்தி... செவப்பா ஒருத்தன்... நம்ம ரூபா நெறம் இருப்பான்... மூஞ்சில துணி கட்டியிருந்தான், மூஞ்சி தெரியல கண்ணு... கையிதான் பாத்தேன், செவச்செவன்னு... ரத்தம் நிக்க மாட்டேங்குது... தொட்டாஸ்பத்திரிக்குப் போறோம், வா..."

நடுவில் ஓர் ஆண் குரல் கன்னடத்தில் கேட்டது. ஆம்புலன்ஸ் ஆளாக இருக்க வேண்டும். அவன் என்ன பட்டே ஹாக்கித்தான், என்ன துணி போட்டிருந்தான் என்று. அதற்கு அவள் குரல் கன்னடத்திலேயே பதில் சொன்னது. "பட்டே கொத்தில்ல அண்ணா. நோட்லில்ல." துணி தெரியாது அண்ணா, பார்க்கவில்லை.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

"இன்னொரு தடவ போடு" என்றாள் பாக்கியலட்சுமி.

சக்தி போட்டாள். ஒரு எழுத்தும் மாறவில்லை. செவப்பா ஒருத்தன். ரூபா நெறம். துணி பார்க்கவில்லை.

தொட்டாஸ்பத்திரி என்கிற பெரியாஸ்பத்திரியின் வராந்தா இப்போது ஞாபகம் வந்தது. புடவையெல்லாம் தம்பியின் ரத்தம். ஏட்டு ஒருவர் நோட்டோடு வந்தார். சினிமா பார்த்துக் கற்ற தமிழ் அவருக்கு. இவளுக்கோ அந்த நேரத்தில் கன்னடம் வாயில் வரவில்லை, தாய்மொழிதான் வந்தது. "செவப்பா இருந்தான் சார், செவப்பா ஒருத்தன்" என்று திரும்பத் திரும்ப அழுதாள். தமிழில் ஆளைச் சிவப்பு என்றால் நிறம் என்று பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஏட்டுக்குச் சிவப்பு என்றால் கன்னடத்துக் கெம்பு, ரத்தச் சிவப்பு, அவ்வளவுதான். மனுஷன் எங்கேயாவது கெம்பாக இருப்பானா? சட்டையாகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு கட்டினார். எழுதியதைக் கன்னடத்தில் மடமடவென்று வாசித்துவிட்டுக் கேட்டார், "கெம்பு அங்கி, அல்வா?" சிவப்புச் சட்டை, இல்லையா என்று. அழுதுகொண்டே இவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் இத்தனைக்கும் வினை.

"அம்மா, மனோஜ்குமார் நிறம் என்ன?" என்று மெல்லக் கேட்டாள் சக்தி.

கறுப்பு. நல்ல கறுப்பு. எதிர்ப் பெஞ்சுக் குழந்தையே அதற்குச் சாட்சி.

"அப்ப நான் எப்படிடி அவனக் கை காட்டினேன்?"

கேட்டவளுக்கே பதில் வந்துவிட்டது. ஏட்டு தன் போனில் ஒரு படத்தைக் காட்டி, இவனைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றாள். பொய்யில்லை. தினமும் கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டில் பார்த்த முகம். எங்கே பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த முகம் பஸ்ஸை விட்டு இறங்கி, பைக்கில் ஏறிக்கொண்டது.

"இங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" ஆறுமுகசாமி வந்து நின்றார். சக்தி அவரிடமும் போனைக் கொடுத்தாள். கேட்டு முடிக்கும்வரை அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பிறகு போனை மகளிடமே நீட்டினார்.

"அழிச்சுப் போடு."

"அப்பா..."

"அழிச்சுப் போடுன்னு சொன்னேன். நேரமாச்சு."

"ஏங்க, அந்தப் பையன் அடிக்கலைங்க" என்றாள் பாக்கியலட்சுமி.

"உனக்கு எப்படித் தெரியும்? நேத்து வரைக்கும் அடிச்சான்ன. இன்னைக்கு அடிக்கலேங்கற. நாளைக்கு என்ன சொல்லுவ?" ஆறுமுகசாமி குரலைத் தாழ்த்தினார். "இத பாரு. மாஜிஸ்ட்ரேட்டு முன்னால கை காட்டியிருக்க. கையெழுத்துப் போட்டிருக்க. இப்ப மாத்திச் சொன்னா உன்னத்தான் உள்ள போடுவாங்க. அவனையும் விட்டுட்டா, உன் தம்பி சாவுக்கு யாரு பதில் சொல்லுவா? யாருமில்ல. கேஸே இல்லைன்னு மூடிருவாங்க. எங்கூடப் பத்து வருஷம் கலவைச் சட்டி தூக்குன பய உன் தம்பி. பெத்த மகன் மாதிரி வெச்சிருந்தேன். அவன ஒருத்தனும் கொல்லல, தானா செத்தான்னு எழுதிக்கலாமா?"

அவர் கண் கலங்கி அவள் பார்த்ததே இல்லை. இப்போது கலங்கியிருந்தது. மனுஷன் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? சிவப்புச் சட்டை போய்விட்டால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. வெறும் நிறம். மைசூரில் சிவப்பாக எத்தனை ஆயிரம் பேர்.

சக்தியின் கட்டை விரல் போன் மேல் நின்றது. அப்பா பேச்சைத் தட்டாமல் வளர்ந்த பெண்.

பாக்கியலட்சுமி அவள் கையிலிருந்து போனை வாங்கி, தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதற்குள் வராந்தாவில் டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டார்.

---

கூண்டில் ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி ஒரு பெண்மணி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். குற்றவாளிக் கூண்டில் மனோஜ்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவனைப் பார்த்ததும் அவள் பயந்ததுதான் நடந்தது. கண்ணை மூடினால் இப்போதும் அவனேதான் ஓடினான். அதே சிவப்புச் சட்டை. அதே மூன்றாவது பொத்தான். கர்சீப் நழுவி, அதே முகம். தன் குரலைத் தன் காதால் கேட்ட பிறகும் அந்தப் படம் ஒரு நூல் அழியவில்லை. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கண்டதாக நினைத்ததைக் காணவே இல்லை என்று ஆனவள் யாரிடம் போய் விசாரிப்பாள்?

மனசாட்சிப்படி சொல்வேன் என்று பிரமாணம் வாங்கினார்கள். மனசில் இருப்பதைச் சொன்னால் அது பொய். அவளுக்கு அழுகை வந்தது.

ஸ்ரீகண்டன் எழுந்து கன்னடத்தில் தொடங்கினார். பாக்கியலட்சுமி குறுக்கிட்டாள்.

"ஐயா, நான் தமிழ்லயே சொல்றேனுங்க."

அவர் புருவம் நெரிந்தது. "கன்னடம் வருமே உங்களுக்கு?"

"வருமுங்க. ஆனா அன்னைக்கு நான் தமிழ்லதான் சொன்னேன்."

நீதிபதி பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்தார். பாப்பாத்தி என்று பெயர். கொள்ளேகாலத்துக்காரி, தமிழும் கன்னடமும் ஒன்றாக வரும். அவள் எழுந்து கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மணி, இடம், பஸ் ஸ்டாப் எல்லாம் சரியாகப் போயிற்று.

"அடிச்சவன் எப்படி இருந்தான்?" என்று கேட்டார் ஸ்ரீகண்டன்.

"செவப்பா இருந்தானுங்க."

"கெம்பு..." என்று பாப்பாத்தி தொடங்கினாள். டைப் அடிக்கிற பெண்ணின் விரல் ஓடியது.

"நில்லுங்கம்மா" என்றாள் பாக்கியலட்சுமி. "அது கெம்பு இல்ல."

"மத்தே? வேற என்ன?"

"சட்டை செவப்பு இல்ல. ஆளு செவப்பு. உங்க ஊர்லயும் அப்படித்தான சொல்லுவீங்க?"

பாப்பாத்தி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள். "பெள்ளகித்தா அந்த்தே, மேடம்." வெளுப்பாக இருந்தானாம். தமிழில் சிவந்திருந்தவன் கன்னடத்தில் வெளுத்துப் போனான்.

கோர்ட்டில் இருந்த அத்தனை தலையும் குற்றவாளிக் கூண்டுப் பக்கம் திரும்பியது. மனோஜ்குமார் எதற்கென்று புரியாமல் விழித்தான்.

ஸ்ரீகண்டன் காகிதத்தைக் கீழே வைத்தார். "ஜெயில்ல வெச்சு இவனைத்தானே கை காட்டினேள்?"

"ஆமாங்க."

"அப்ப அது பொய்யா?"

"பொய் சொல்லலைங்க. இப்பவும் கண்ண மூடுனா இவருதான் ஓடறாரு. செவப்புச் சட்டை தெரியுது. பொத்தான் இல்லாதது தெரியுது. மூஞ்சி தெரியுது. ஆனா நான் அதப் பாக்கலைங்க."

பாப்பாத்தி இதைக் கன்னடத்தில் சொல்லத் தடுமாறினாள். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, நேராக அவளிடமே கேட்டார். பார்க்காத ஒன்று எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?

"தெரியலைங்கம்மா" என்றாள் பாக்கியலட்சுமி. "சொல்லிச் சொல்லி வந்துருச்சு."

பிறகு கைப்பையைத் திறந்து போனை எடுத்துக் காட்டினாள். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். ஸ்ரீகண்டனும் எழுந்தார். அவளைப் பிறழ் சாட்சியாக அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. அந்தப் போனிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது, அடுத்த வாய்தாவுக்கு முறைப்படி ஒப்படைக்க வேண்டும், மீதி விசாரணை அன்றைக்கு என்று நீதிபதி உத்தரவு போட்டார். அதுவரை மனோஜ்குமார் ஜெயிலில்தான். வாய்தா பதினெட்டு நாள் தள்ளி.

வெளியே வந்தபோது காவேரி வழியில் நின்றாள். கும்பிடுவாளோ, காலில் விழுவாளோ என்று பாக்கியலட்சுமி கூசிப் போனாள். இரண்டும் இல்லை.

"ஹதினாலு திங்களு, அம்மா" என்றாள் காவேரி. பதினான்கு மாதம். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழியைக் கொண்டுபோய்ச் சுமத்தியவள் தான்தானே என்று பாக்கியலட்சுமி அங்கேயே நின்றாள்.

---

ஆறுமுகசாமி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெண்டாட்டி வந்தாளா, மகள் எப்படி வருவாள் என்று கேட்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. முப்பது வருஷத்தில் அவர் அப்படிப் போனது இதுதான் முதல் தடவை.

மழைமரத்தடிச் சிமென்ட் மேடையில் பாக்கியலட்சுமி, ரூபா, சக்தி மூவரும் உட்கார்ந்தார்கள். சக்தி போய் மூன்று டீ வாங்கி வந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணி, என் மேல கோவமா?" என்று கேட்டாள் ரூபா.

"உம் மேல எனக்கென்ன கோவம்? நீதான் என் மேல கோவப்படோணும். உம் புருசனக் கொன்னவன்னு நெனச்சு ஒருத்தன இத்தன நாள் சபிச்சிட்டிருந்த. இப்ப அவனும் இல்லைன்னுட்டேன்."

"நீங்க நெசத்தத்தான சொன்னீங்க." ரூபா தயங்கினாள். "அந்த மெசேஜ நானும் ஒரு தடவ கேக்கட்டுமா? உள்ள எல்லாரும் பேசிக்கிட்டாங்க. எனக்கு மட்டும்தான் என்னன்னு தெரியல."

சக்தி அம்மாவைப் பார்த்தாள். பாக்கியலட்சுமி தலையை ஆட்டினாள். போன் ரூபாவின் காதுக்குப் போனது.

நம்ம ரூபா நெறம் இருப்பான்.

அந்த இடம் வந்ததும் ரூபாவின் கை போனோடு அப்படியே நின்றது. மெசேஜ் முடிந்தும் அவள் போனை இறக்கவில்லை. கடைசியில் மடியில் வைத்தாள். முகத்தில் இருந்த கொஞ்சம் ரத்தமும் வடிந்துவிட்டது.

"அத்தை, என்னாச்சு?" என்றாள் சக்தி.

"ஒண்ணுமில்ல."

"தண்ணி கொண்டு வரட்டா?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல."

ரூபா ஆறிப்போன டீயை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள். போனை எடுத்துத் திரும்பவும் ஒரு தடவை கேட்டாள். பிறகு, வேறு யாரிடமோ கேட்கிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அவரு சாகறதுக்கு ஒரு வாரம் முன்னால எங்க அண்ணனோட போன்ல சத்தம் போட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே. எதுக்கு?"

"எதுக்குன்னு எங்கிட்டச் சொல்லல." ரூபா டீயைத் தள்ளி வைத்தாள். "அண்ணி, அன்னைக்கு வந்தவன்... கொழாய எடது கையிலயா பிடிச்சிருந்தான்?"

பாக்கியலட்சுமி வெடுக்கென்று நிமிர்ந்தாள். ஐயோ, இவள் ஏன் இதைக் கேட்டாள்? அவளையும் அறியாமல் அந்த விடியற்காலை கண்ணுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. ரிங் ரோடு. மஞ்சள் விளக்கு. பைக்கின் உறுமல். சிவப்புச் சட்டை எங்கே என்று தேடினாள், அது மங்கிக்கொண்டு வந்தது. மனோஜ்குமாரின் முகம் மெல்லக் கழன்றது. அந்த இடம் காலியாக, யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றது.

அவள் பாய்ந்து ரூபாவின் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம் கண்ணு. அதுக்கு மேல ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லாத. நீ சொன்னா நான் பாத்துருவேன்."

ரூபாவின் கண்ணீர் அவள் விரல் மேல் வழிந்தது. சக்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பாக்கியலட்சுமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அதற்குள் இரும்புக் குழாய் இடது கைக்கு மாறியிருந்தது.